போஸ்ட்டாக் விண்ணப்பத்துக்கு ரூ.6,500 கொடுக்கலாமா?

பிஎச்டியின் வாய்மொழித் தேர்வான வைவா முடிந்த கையோடு, போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) விண்ணப்பம் தயார் செய்து தரும் ஓர் ஆன்லைன் சேவைக்கு 6,500 ரூபாய் கட்டினேன். சிவி, கவர் லெட்டர், எந்த ஃபெலோஷிப்புக்குப் போடலாம் என்று ஒரு மணி நேர ஆலோசனை. பெயர் வேண்டாம், இதே கடையை வேறு வேறு பெயரில் நிறையப் பேர் நடத்துகிறார்கள்.

சிவி நன்றாகவே வந்தது. அப்பா பெயர், பிறந்த தேதி, பத்தாம் வகுப்பு மார்க் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, கட்டுரைகளையும் எனக்கு இயக்கத் தெரிந்த கருவிகளையும் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். எனக்கு அது தோன்றியிருக்காது.

கவர் லெட்டர்தான் கூத்து. நான் சோடியம் அயனி பேட்டரியின் கேத்தோடில் வேலை செய்தவள். இரண்டாம் பத்தியில் ‘இறால் குடலின் நுண்ணுயிர்களில் எனக்குள்ள ஆழ்ந்த ஈடுபாடு’ என்று இருந்தது. யாரோ ஒரு மீன்வள மாணவருக்கு எழுதியது! சொன்னதும் மாற்றினார்கள், சரி. மாற்றிய பிறகும் அது யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய கடிதமாகவே இருந்தது. 40 பேராசிரியர்களுக்கு அனுப்பினேன். இரண்டு பதில், இரண்டும் ‘இப்போது இடமில்லை’. அப்புறம் நானே உட்கார்ந்து, ஒவ்வொருவர் கட்டுரையிலும் ஒரு வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு, ‘இந்த இடத்தில் கொள்ளளவு சரிவதை என் பூச்சு முறையில் குறைத்துப் பார்க்கலாம்’ என்று எட்டே வரி எழுதினேன். 11 கடிதத்துக்கு நான்கு பதில்.

ஆலோசனையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி க்யூரி போஸ்ட்டாக் ஃபெலோஷிப்பின் 2024 செப்டம்பர் கெடுவுக்கு, எனக்குத் தெரிந்த ஜெர்மன் பேராசிரியரோடு சேர்ந்து போடச் சொன்னார் ஆலோசகர். கெடுவுக்கு முந்தைய 36 மாதங்களில், போக நினைக்கும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருந்தால் அங்கே போக விண்ணப்பிக்க முடியாது. நான் 2022 ஜனவரியிலிருந்து 14 மாதம் ஜெர்மனியில்தான் இருந்தேன். அது அவர்களே எழுதிய சிவியில் இருக்கிறது! ‘எத்தனை மாதம் இங்கே இருந்தாய்?’ என்று அந்தப் பேராசிரியர் கேட்டிராவிட்டால், 10 பக்க முன்மொழிவை முழுதாக எழுதித் தொலைத்திருப்பேன். என் தோழியிடம் அதே ஆலோசகர், பட்டச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் போடலாம் என்றிருக்கிறார். அதுவும் தப்பு, கெடுவுக்குள் வைவாவில் தேறியிருந்தாலே போதும். இதெல்லாம் விண்ணப்பக் கையேட்டிலேயே இருக்கிறது, காசில்லாமல்.

ஐரோப்பாவில் ஆய்வு வேலை தேட யூராக்ஸஸ் தளமும் இலவசம்தான். அங்கே ‘ஆர்2’ என்று வடிகட்டுங்கள். பிஎச்டி முடித்து, இன்னும் சொந்தக் குழு அமைக்காதவர்களுக்கான படி அது. ஜெர்மனியில் ஆய்வு செய்யத் தரும் ஹம்போல்ட் ஃபெலோஷிப்புக்கு ஆண்டு முழுவதும் போடலாம், போஸ்ட்டாக் பிரிவில் என்றால் பிஎச்டி முடித்து நான்கு ஆண்டுக்குள் இருக்க வேண்டும்.

பாதிப் பணமாவது திரும்பக் கேட்டேன். அடுத்த பேக்கேஜில் 20 சதவீதம் தள்ளுபடி தருகிறார்களாம். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், இரண்டும் சிவிக்கு.