போகிமான் அட்டை மாற்றும்போது: குறியைப் பார்ப்பதா, விற்ற விலையைப் பார்ப்பதா?

அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிறுதோறும் பிள்ளைகள் அட்டை மாற்றுகிறார்கள். அட்டை எவ்வளவு அரியது என்று காட்ட அதன் மூலையில் ஒரு சின்னக் குறி இருக்கும். அதை வைத்து, "ஸ்டாருக்கு ஸ்டார் சரிதானே மாமா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். எல்லா நேரமும் அது சரியாகாது, கண்ணு.

வேகம்
குறி: மூலையில் வட்டம் இருந்தால் சாதா, டைமண்ட் அதற்கு மேல், ஸ்டார் அரியது. பார்த்ததும் தெரியும்.
விலை: போனும் பொறுமையும் வேண்டும்.

நியாயம்
குறி: இங்கேதான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். ஒரே ஸ்டார் போட்ட இரண்டு அட்டைகளில் ஒன்றை யாரும் சீண்ட மாட்டார்கள், மற்றது பல மடங்கு விலை போகும்.
விலை: ஈபே என்ற விற்பனை இணையதளத்தில் கேட்கிற விலையை நம்ப வேண்டாம், விற்று முடிந்தவற்றை மட்டும் பாருங்கள். பெயரோடு அட்டையில் அச்சிட்ட எண்ணையும் போட்டுத் தேடுங்கள். 1999இல் வந்த முதல் ஆங்கிலத் தொகுப்பான பேஸ் செட்டின் சாரிசார்டு அட்டை என்றால் 4/102.

அட்டையின் நிலை
குறி இதைச் சொல்லாது. விலையும் அதே நிலையிலுள்ள அட்டையோடு ஒப்பிட்டால்தான் உதவும். போன வாரம் ஒரு அட்டையை வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். பின்பக்க நீல ஓரமெல்லாம் வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. அதைப் புதுசு விலைக்குக் கொடுப்பது அநியாயம்.

விளையாட மட்டும் சாதா அட்டைகளை மாற்றினால் குறியே போதும். சேர்த்து வைக்கிறவர்களுக்கு விற்ற விலைதான். பெரிய பையன் சின்னவனோடு மாற்றினால், அப்போதும் விலையைப் பார்த்தே ஆக வேண்டும்.