ஜாவா ஓடுற செலுலர் மொடியூல்: திருகோணமலையில கனகாலம் பாவிச்சதில கண்டது

சிம் போட்டு மொபைல் நெட்வேர்க்ல டேட்டா அனுப்புற, ஜாவா புரொக்ராமும் உள்ளுக்கயே ஓடுற செலுலர் மொடியூல் எண்டா இப்ப கனபேர் சிரிப்பாங்க, ஈஎஸ்பி32 எண்ட மைக்ரோ கண்ட்ரோலர் போர்ட் ஒண்டையும் மலிவு மொடம் ஒண்டையும் சேத்து வேலையை முடிக்கிற காலம் இது. எண்டாலும் நான் இன்னும் அந்தப் பழைய வகையில டிசி65ஐ (TC65i) டெர்மினலும் பிறகு வாங்கின ஈஎச்எஸ்6உம்தான் வச்சிருக்கிறன். கொட்பே, கிண்ணியாப் பக்கம் மீன் ஐஸ் ரூம்களிட டெம்பரேச்சர் அனுப்புறது, குச்சவெளிப் பக்கம் தோட்டக் கிணத்து மோட்டரை ஃபோன்ல இருந்து போடுறது நிப்பாட்டுறது, இதுதான் வேலை. பெரிய டேட்டா ஒண்டும் இல்லை, ஒரு தரத்துக்கு நூறு பைட் கூட வராது, ஆனா இரவு பகல் மாரி கோடை பாராம லைன் நிக்க வேணும், எல்லாச் சிக்கலும் அதுலதான்.

இந்த மொடியூல் வம்சத்துக்குப் பேர் மாறின கதையே தனிக் கதை. முதல் சீமன்ஸ் செய்தது, 2008ல சின்டீரியன் எண்டு தனியாப் போச்சு, 2010ல ஜெமால்டோ வாங்கினது, 2019ல ஜெமால்டோவை தேல்ஸ் வாங்கினது, 2023ல டெலிட் கைக்கு வந்து இப்ப டெலிட் சின்டீரியன். ஒரு ஏடி கமாண்டுக்கு (மொடத்துக்கு எழுத்தில குடுக்கிற கட்டளை) மனுவல் தேடுறதெண்டா அஞ்சு பேர்ல தேட வேணும். உள்ளுக்க இருக்கிறது பழைய ஃபோன் ஜாவாதான், ஸ்க்ரீன் பகுதியைக் கழட்டி ஐஎம்பி என்ஜி எண்டு பேர் வச்சிருக்கு, ஜாவாட தர ஆவணங்கள்ல அது ஜேஎஸ்ஆர் 228. டிசி65ல உங்கட புரொக்ராமுக்குக் கிடைக்கிறது 400 கேபி ரேமும் 1.7 எம்பி ஃபிளாஷும். கேக்கக் குறைவா இருக்கும், எனக்கு அது ஒருநாளும் பத்தாமப் போனதில்லை. வேற மைக்ரோ கண்ட்ரோலர் வேணாம், ஜார் ஃபைலை (ஜாவா புரொக்ராம் பொதி) ஏத்தி ஓட்டோ ஸ்டார்ட் போட்டாச் சரி, சென்சரும் ரிலேயும் நேரா மொடியூல்லயே.

லைன் நிக்கிறதைப் பத்தி நான் சொல்ல வாறது ஒண்டுதான்: மொடியூல் கனெக்டட் எண்டு சொல்லுறதை ஒருக்காலும் நம்பாதீங்க. கிண்ணியால ஐஸ் ரூம் வச்சிருக்கிற நானா ஒருத்தர் ஒருநாள் விடிய எடுத்து, "தம்பி, பெட்டில பச்சை லைட் எரியுது, டெம்பரேச்சர் மட்டும் ராவையில இருந்து அப்படியே நிக்குது, இது என்ன கணக்கு?" எண்டார். எஸ்எம்எஸ் அனுப்பிக் கேட்டா சிக்னல் 18 (0ல இருந்து 31 வரைக்கும் போற அளவு, கூடினா நல்லம்), நெட்வேர்க்ல ரெஜிஸ்டர் ஆகி இருக்கு, பேரர் (நெட்வேர்க்கோட இருக்கிற டேட்டா இணைப்பு) அப், ஐபி இருக்கு, சொக்கெட் (சேர்வரோட கதைக்கிற தொடர்பு) திறந்திருக்கு, எல்லாம் சரியாம். சேர்வர் பக்கம் பாத்தா நடுச்சாமத்துக்குப் பிறகு ஒரு பைட் வரல்ல.

காரணம் என்னெண்டா மொபைல் நெட்வேர்க்ல எங்களுக்குத் தாற ஐபி எங்கட ஐபியே இல்லை, 10ல தொடங்கும் இல்லாட்டி 100.64 பக்கம் இருக்கும், ஒப்பரேட்டரிட நாட் பெட்டி ஆயிரக்கணக்கான ஆக்களுக்கு ஒரு பொது ஐபியைப் பங்கு போட்டுக் குடுக்குது. சொக்கெட்ல கொஞ்ச நேரம் ஒண்டும் போகாட்டி அந்தப் பெட்டி உங்கட பதிவை சத்தமில்லாம அழிச்சுப் போடும், ரெண்டு பக்கத்துக்கும் சொல்லாது. ஆர்எஃப்சி 5382 எண்ட இன்டர்நெட் தர ஆவணம் அந்தப் பதிவை ரெண்டு மணித்தியாலம் 4 நிமிஷத்துக்குக் குறையாம வச்சிருக்க வேணும் எண்டு சொல்லுது, மொபைல்ல அதை எதிர்பாக்க ஏலாது. நான் பாவிச்சதில ஒரு நெட்வேர்க் அஞ்சு நிமிஷத்துக்கு மேல தாங்கினது, மற்றது அதுக்கு முன்னமே வெட்டிப் போட்டுது. அதால 4 நிமிஷத்துக்கு ஒருக்கா ஒரு சின்னப் பிங் (இருக்கிறியா எண்டு கேக்கிற மெசேஜ்) போகும், அதுக்கு சேர்வர் பதில் குடுக்க வேணும். டேட்டா வீணாகும் எண்டு பயப்படத் தேவையில்லை, போறது வாறது அக்நொலெஜ் எல்லாம் சேத்து 124 பைட் எண்டு வச்சாலும் நாளைக்கு 360 தரம், மாசத்துக்கு 1.3 எம்பிதான் வருது, ஒரு வட்ஸ்அப் வீடியோவுக்கும் காணாது.

இதுல முக்கியம் பிங் போறதில இல்லை, பதில் வாறதிலதான். எழுதினது எக்செப்ஷன் (ஜாவா தாற பிழை அறிவிப்பு) இல்லாம முடிஞ்சா அனுப்பியாச்சு எண்டு அர்த்தமில்லை, மொடியூலிட பஃபர் எண்ட தற்காலிக மெமரிக்குள்ள போயிட்டுது எண்டுதான் அர்த்தம். அதால ஒவ்வொரு ரீடிங்குக்கும் ஒரு வரிசை நம்பர் போட்டு, சேர்வர் அதே நம்பரைத் திருப்பி அனுப்பினாப் பிறகுதான் ஃபிளாஷ்ல இருந்து அழிக்கிறன், வராட்டி அது அங்கயே கிடக்கும், லைன் வந்தாப் பிறகு போகும்.

இப்ப ஜாவா பக்கத்துக்கு வருவம். டெஸ்க்டொப் ஜாவால பழகின ஆக்கள் இங்க வந்து முதல் தேடுறது ரீட் டைம்அவுட், அதாவது பதிலுக்கு இவ்வளவு நேரம்தான் காத்திருப்பன் எண்டு சொல்லுற வசதி, அது இந்த ஜாவால இல்லை. கனெக்டர் ஓப்பன்ல மூண்டாவது பராமீட்டர் டைம்அவுட் வேணுமா வேணாமா எண்டு மட்டும் கேக்கும், எத்தனை செக்கண்ட் எண்டு சொல்ல இடமில்லை, சொக்கெட் கனெக்ஷன்ல இருக்கிற ஒப்ஷன்கள் டிலே, லிங்கர், கீப் அலைவ், ரெண்டு பஃபர் சைஸ், அவ்வளவுதான். ரீட் போய் நிண்டா அது நிண்டதுதான், நாட் பெட்டி வெட்டின சொக்கெட்ல நீங்க விடிய விடிய காவல் இருக்கலாம். நான் செய்யிறது, ரீட்டை நேராக் கூப்பிடுறதில்லை, அவைலபிள் எவ்வளவு எண்டு அரைச் செக்கண்டுக்கு ஒருக்கா பாத்து, ஏதாவது வந்திருந்தா மட்டும் வாசிக்கிறது. ஓப்பன் பண்ணுறதும் தனித் திரெட்ல (புரொக்ராமுக்குள்ள தன்பாட்டில ஓடுற வேலை), அதைப் பாக்க வேற ஒரு திரெட், குறிச்ச நேரத்துக்குள்ள திரும்பி வராட்டி அந்தத் திரெட்டைக் கைவிட்டுட்டு அடுத்த படிக்குப் போறது. அப்படிக் கைவிட்ட திரெட்டும் சொக்கெட்டும் மெமரியைத் தின்னும் எண்டதால ரெண்டு தரத்துக்கு மேல விடாம முழு ரீஸ்டார்ட்.

அந்தப் படிகள்தான் இந்தப் பெட்டிக்கு உயிர். முதல் சொக்கெட்டை மட்டும் மூடித் திறக்கிறது. பதில் இல்லாட்டி பேரரைக் கீழ இறக்கி, கொஞ்சம் பொறுத்து திரும்ப எழுப்புறது, அப்ப புது ஐபி வரும், அரைவாசிக்கு மேல பிரச்சினை இந்த இடத்திலயே முடிஞ்சிடும். அதுக்கும் மசியாட்டி சிஜிஏடிடி 0 குடுத்து ஜிபிஆர்எஸ்ல இருந்து கழண்டு திரும்ப ஒட்டுறது, பிறகு சிஓபிஎஸ் 2 குடுத்து நெட்வேர்க்கையே விட்டு வெளிய வந்து சிஓபிஎஸ் 0, பிறகு சிஃபன் 1,1 குடுத்து மொடியூல் ரீஸ்டார்ட். எல்லாம் தோத்தா கடைசியா வெளிய இருக்கிற சின்ன டைமர் போர்ட் கரண்டை வெட்டிப் போடும். இந்தக் கடைசி ஆள் மொடியூலை நம்பி இருக்கக் கூடாது, சேர்வர்ட பதில் வந்தா மட்டும்தான் ஜாவா அந்த டைமருக்கு ஒரு பல்ஸ் குடுக்கும், புரொக்ராம் ஓடுது எண்டதுக்காகக் குடுக்கிறதில்லை. கனபேர் இப்படிக் காவல் டைமர் (வொட்ச்டோக்) போடுறாங்க, ஆனா புரொக்ராமிட லூப் சுத்தினாலே பல்ஸ் குடுக்கிற மாதிரிப் போடுறாங்க, லூப் சுத்தும், டேட்டா போகாது, வொட்ச்டோக்கும் நிம்மதியாப் படுத்திருக்கும்.

மொடியூலிட ஜாவால இருக்கிற பேரர் கண்ட்ரோல் லிசனர் நல்ல சாமான், அப், டவுன், கனெக்டிங், குளோசிங், லிமிட்டட் அப் எண்டு நிலை மாறக்குள்ள சொல்லும். டவுன் எண்டு சொன்னா உடன நம்பலாம், அப் எண்டு சொன்னாச் சேர்வரைக் கேட்டுப்போட்டு நம்புங்க. நிலை மாறக்குள்ள அது கூப்பிடுற கோல்பெக்குக்குள்ள வேலை ஒண்டும் செய்யாதீங்க, ஒரு கொடியை (அடையாள வேரியபிள்) தூக்கி வச்சிட்டு வெளிய வாங்க, உள்ளுக்க இருந்து ஏடி கமாண்ட் அனுப்பப் போனா கோல்பெக்கும் கமாண்டும் ஆளையாள் பாத்துக்கொண்டு நிப்பாங்க. ஏடி கமாண்ட் ஒப்ஜெக்ட் எண்ணிக்கைக்கும் அளவு இருக்கு, எடுத்ததை ரிலீஸ் பண்ண வேணும். மேல் மட்டத்தில எக்செப்ஷனை மட்டும் பிடிச்சாக் காணாது, எல்லாப் பிழைக்கும் மேல இருக்கிற திரோவபிளையே பிடியுங்க, அவுட் ஒஃப் மெமரி அதுலதான் அகப்படும். பிடிபடாம வெளிய போச்செண்டா ஜாவா அங்கயே நிண்டிடும், மொடியூல் மட்டும் நெட்வேர்க்ல சும்மா இருக்கும்.

2022 மார்ச் கடைசியில நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின நேரம்தான் இதுக்கெல்லாம் உண்மையான சோதனை. பெட்டிக்கு பட்டரி இருக்கு, டவருக்கு இருக்கிற பட்டரி அவ்வளவு நேரம் தாங்கல்ல, சிக்னல் கேக்கிற சிஎஸ்க்யூ கமாண்டுக்கு 99 எண்டு வரும், அதாவது சிக்னல் அளக்கவே ஏலாது. அந்த நேரம் மொடியூல் விடாம டவர் தேடித் தேடி எங்கட பட்டரியையும் குடிச்சுப் போடும். இப்ப 99 கண்டா ரேடியோவை அரை மணித்தியாலம் அமத்தி வச்சிட்டு பிறகு பாக்கிறது. கரண்ட் வந்தாப் பிறகு எல்லாப் பெட்டியும் ஒரே நிமிஷத்தில கத்தாம இருக்க ரேண்டம் டிலே ஒண்டும் போட்டன், மொபைல் ஒப்பரேட்டர்களிட சங்கமான ஜிஎஸ்எம்ஏட டிஎஸ்.34 எண்ட வழிகாட்டியும் இதைத்தான் சொல்லுது, தோத்தா தோத்தா இடைவெளியைக் கூட்டிக்கொண்டு போ, எல்லாரும் ஒரே நேரத்தில வராத எண்டு. 2025 பெப்ரவரி 9 பாணந்துறை சப்ஸ்டேஷன்ல குரங்கு பாய்ஞ்சு நாடு முழுக்கக் கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு பெட்டிக்கும் போக வேண்டி வரல்ல. குரங்குக்கும் சேத்து கோட் எழுதினவன் எண்டு பெடியள் இன்னும் பகிடி பண்ணுறாங்க.

கோட்ல தேடிக் கிடைக்காத பிழை வயர்ல இருக்கும். ஜிஎஸ்எம் 2ஜியில அனுப்பக்குள்ள 4.6 மில்லி செக்கண்டுக்கு ஒருக்கா அரை மில்லி செக்கண்ட் அளவுக்கு 2 அம்பியர் வரைக்கும் இழுக்கும். சிக்னல் குறைஞ்சா டவருக்குக் கேக்க வேணும் எண்டு முழுப் பவர்ல கத்தும், 900 மெகாஹேர்ட்ஸ்ல அது 2 வாட். மெல்லிய வயரை நீட்டி இழுத்து ரெகுலேட்டரைத் தூரத்தில வச்சா அந்தக் கணத்தில வோல்டேஜ் விழுந்து மொடியூல் அணைஞ்சிடும், மீட்டர்ல பாத்தா 4 வோல்ட் அழகா நிக்கும், மீட்டருக்கு அந்த வேகம் தெரியாது. மழை இரவில மட்டும் ரீஸ்டார்ட் ஆகுது எண்டு யாராவது சொன்னா நான் முதல் கேக்கிறது வயரிட தடிப்பு, ரெண்டாவது மொடியூலுக்குப் பக்கத்தில பெரிய கபாசிட்டர் இருக்கா எண்டுதான்.

அடுத்தது எங்கட ஊர் உப்புக் காத்து. கொட்பேல கடற்கரையோரப் பெட்டி ஒண்டில சிக்னல் 19ல இருந்து மெல்ல மெல்ல 9க்கு வந்தது, அதாவது மைனஸ் 75ல இருந்து மைனஸ் 95 டிபிஎம். டவரைத்தான் எல்லாரும் திட்டினாங்க. அன்டெனா கனெக்டரைக் கழட்டினா நட்டுக்குள்ள பச்சையாப் பூத்திருக்கு, நடு ஊசி கறுத்துப் போயிட்டு, பெட்டி மூலைக்குள்ள பல்லி முட்டை ரெண்டு வேற. புது கனெக்டர் போட்டு, செல்ஃப் அமல்கமேட்டிங் டேப்பை (தன்னோடயே ஒட்டிக்கொள்ளுற ரப்பர் டேப்) நல்லா இழுத்துச் சுத்தினாப் பிறகு பழைய நம்பருக்கு வந்திட்டுது. இன்சுலேஷன் டேப் வேலைக்கு ஆகாது, வெயிலுக்குப் பசை உருகி உள்ளுக்க தண்ணியைப் பிடிச்சு வச்சுக் கொள்ளும். இப்ப சிஎஸ்க்யூவையும் ஒவ்வொரு ரீடிங்கோடயும் அனுப்புறன், கிராஃப் மெல்ல இறங்கினா கனெக்டர், திடீரெண்டு விழுந்தா டவர்.

சிம் விஷயம் சுருக்கமாச் சொல்லுறன். பிரீபெய்ட் பக்கேஜ் முடிஞ்சாலும் ரெஜிஸ்டர் ஆகும், ஐபியும் தரும், டேட்டா மட்டும் போகாது, மொடியூலுக்கு எல்லாம் சரி மாதிரித்தான் தெரியும், அதுக்கும் அதே சேர்வர் பதில்தான் மருந்து. எஸ்எம்எஸ்ல ரீஸ்டார்ட் கமாண்ட் அனுப்புற வழி வச்சிருந்தா ஒப்பரேட்டர் அனுப்புற விளம்பர மெசேஜெல்லாம் சிம்மை நிரப்பி வைக்கும், நிரம்பினா உங்கட கமாண்ட் உள்ளுக்க வராது, தேவைப்படுற நாள்லதான் அது தெரிய வரும். நாளைக்கு ஒருக்கா சிஎம்ஜிடி 1,4 குடுத்து எல்லாத்தையும் அழிச்சு விடுங்க.

குறை எண்டு பாத்தா பெரிசு டிஎல்எஸ், டேட்டாவை மறைச்சுப் பூட்டி அனுப்புற முறை. டிசி65 காலத்து மொடியூல்ல டிஎல்எஸ் 1.2 இல்லை, 1.0உம் 1.1உம் 2021 மார்ச்ல ஆர்எஃப்சி 8996ஓட கைவிடப்பட்டுட்டுது, அதால இப்பத்த கிளவுட் சேர்வருகளோட நேராக் கதைக்க ஏலாது. நான் பவுன்சி காசில் எண்ட கிரிப்டோ லைப்ரரியிட லைட்வெயிட் பதிப்பில எச்மேக் (ரகசியச் சாவியால மெசேஜை உறுதிப்படுத்துற குறியீடு) மட்டும் எடுத்து மெசேஜுக்குக் கையெழுத்துப் போட்டு என்ர சொந்தச் சேர்வருக்கு அனுப்புறன், ஐஸ் ரூம் சூடு எவ்வளவு எண்டு ஆரும் ஒட்டுக்கேட்டா எனக்குக் கவலையில்லை, மோட்டரை வேற ஆக்கள் போடாட்டிச் சரி. ஓடிஏபில தூரத்தில இருந்து புது ஜார் ஏத்தலாம், அது உண்மையா நல்ல வசதி, ஆனா சிக்னல் 12க்குக் கீழ இருக்கிற இடத்துக்கு நான் அதைத் தொடுறதில்லை, லப்டொப்பைக் கொண்டு போறதுதான்.

இப்ப புதுசா வாங்கப் போறவங்களுக்கு டிசி65 வேணாம், பழைய ஸ்டொக்ல மலிவாக் கிடைச்சாலும் வேணாம். ஈஎச்எஸ்6 2ஜியும் 3ஜியும் மட்டும்தான், அமெரிக்காவில ஏடி அண்ட் டி 2022 பெப்ரவரியில 3ஜியை மூடிட்டுது, மற்ற இடங்களும் அந்த வழியிலதான் போகுது. ஜாவாதான் வேணும் எண்டா எல்டிஈ இருக்கிற ஈஎல்எஸ்61 இல்லாட்டி பிஎல்எஸ்62 பாருங்க, பக்கேஜ் பேரை மாத்தி, ஏடி கமாண்ட் கொஞ்சத்தைத் திருத்தினா பழைய கோட் பெரும்பாலும் ஓடும், மேல சொன்ன படிகளை மட்டும் அப்படியே கொண்டு போங்க.