பலதார மணம்: தபரீ ஒரு பக்கம், அப்துஹு மறுபக்கம்

பழைய தஃப்ஸீரா (குர்ஆன் விளக்கவுரையா), புதிய தஃப்ஸீரா என்று மொட்டையாகக் கேட்டால் சண்டைதான் மிஞ்சும். ஒரே ஒரு இடத்தில் இரண்டையும் வைத்துப் பார்க்கலாம்.

குர்ஆனின் நிஸா என்ற சூராவின் (அத்தியாயத்தின்) 3ஆம் வசனம், பலதார மணத்தை அனுமதித்துவிட்டு, நீதமாக நடக்க முடியாதோ என்று பயந்தால் ஒருத்தியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது. அதே சூராவின் 129ஆம் வசனம், எவ்வளவு ஆசைப்பட்டாலும் மனைவியரிடையே நீதமாக நடக்க உங்களால் முடியாது என்கிறது. இரண்டையும் கூட்டினால் ஒருதார மணம்தானே?

கி.பி. 923இல் மறைந்த குர்ஆன் விரிவுரையாளர் இமாம் தபரீ கூட்ட விடமாட்டார். சஹாபாக்களும் (நபித்தோழர்களும்) அடுத்த தலைமுறையும் சொன்னதை அறிவிப்பாளர் வரிசையோடு அடுக்கிவிட்டுத்தான் தன் முடிவைச் சொல்வார். 129இல் முடியாது எனப்படுவது மனசின் நாட்டம் என்பது அவர் முடிவு. செலவும், ஒவ்வொரு மனைவியோடும் தங்கும் இரவுப் பங்கும் கைக்குள் இருப்பவை. 3ஆம் வசனம் கேட்கும் நீதம் அதுதான் என்று மரபு உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) பிரித்தார்கள்.

மரபுக்காரர்கள் சூழலையே பார்ப்பதில்லை என்ற குற்றச்சாட்டு எனக்குச் சலித்துவிட்டது. சொத்துள்ள அநாதைப் பெண்ணைக் குறைந்த மஹருக்கு (மணக்கொடைக்கு) மணக்க நினைத்த காப்பாளர்களைப் பற்றி இறங்கியதே 3ஆம் வசனம் என்று நபியின் மனைவி ஆயிஷா நாயகி விளக்கியது புகாரி ஹதீஸ் தொகுப்பிலேயே இருக்கிறது.

எகிப்தின் முஃப்தியாக (மார்க்கத் தீர்ப்பு சொல்பவராக) இருந்து 1905இல் மறைந்த முஹம்மது அப்துஹு வேறு முனையில் தொடங்குகிறார். சக்களத்திச் சண்டையில் சிதையும் குடும்பங்களைக் கண்முன்னே பார்த்தவர் அவர். அனுமதி கேடாக மாறினால் ஆட்சியாளர் கட்டுப்படுத்தலாம் என்றார். பின்னால் வந்த நவீன அறிஞர் ஃபஸ்லுர் ரஹ்மான் இதை ஒரு முறையாகவே வகுத்தார்: வசனம் இறங்கிய காலத்துக்குப் போய் நோக்கத்தைப் பிடி, அந்த நோக்கத்தோடு இன்றைக்குத் திரும்பி வா.

1956இல் துனீசியா பலதார மணத்தைத் தடை செய்தபோது, அதை ஆதரித்தவர்கள் இரு வசனங்களையும் கூட்டித்தான் நியாயம் சொன்னார்கள். எனக்கு அது பலவீனமாகப் படுகிறது. 129ஆம் வசனம் அங்கேயே முடியவில்லை. ஒருத்தி பக்கமே முழுக்கச் சாய்ந்து மற்றவளைத் தொங்கலில் விடாதீர்கள் என்று தொடர்கிறது. அரபியில் 'முஅல்லகா': தொங்கவிடப்பட்டவள், வாழ்க்கைப்பட்டவளும் இல்லை, விடுபட்டவளும் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர் இருப்பதை வைத்துத்தான் அந்த வரியே பேசுகிறது. சொல்லைப் பிடித்து வாதாடினால் தபரீதான் ஜெயிப்பார்.

அப்துஹுவின் கேடு வாதம் அந்தச் சொல் வாதத்தை நம்பி நிற்கவில்லை. மனைவி இருக்கும்போதே இன்னொரு மணம் செய்ய நடுவர் குழுவின் எழுத்து அனுமதி கேட்கும் பாகிஸ்தானின் 1961 சட்டமும், தடை வரை போகாமல், அதே கட்டுப்பாட்டு வழியில்தான் நிற்கிறது.