மயில்கழுத்து நிறத்தில் மயங்கி 1,900 பவுண்டு விட்ட கதை

இங்கிலாந்தில் பழைய வாள் வாங்கும் எண்ணம் உள்ளவர்கள், நீலமும் தங்கமுமாக மின்னும் அலகைக் கண்டதும் பர்ஸைத் திறக்காதீர்கள். நான் திறந்தேன்.

போன ஏப்ரலில் ஒரு பழம்பொருள் சந்தை. கடைக்காரர் எடுத்துக் காட்டியது ‘1796 மாதிரி’, அதாவது அந்த வருடம் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்ட வடிவத்தில் செய்த இலகு குதிரைப்படை வாள். லெ மர்ச்சன்ட் என்ற அதிகாரி வடிவமைத்தது. நன்றாக வளைந்த, நுனிப் பக்கம் அகன்ற அலகு. சிப்பாய்க்கு இதை அரசாங்கமே வெறும் எஃகாகக் கொடுத்தது. அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கினார்கள். வசதி உள்ளவர்கள் கைப்பிடியிலிருந்து பாதி அலகு வரை நீலம் ஏற்றி, அதன்மேல் கிரீடம், அரசச் சின்னம், இலைக்கொடி என்று பொன்முலாம் பூசிக்கொண்டார்கள். நீலம் சாயமல்ல. மெருகேற்றிய எஃகைச் சூடாக்கினால் முதலில் வைக்கோல் நிறம், பிறகு ஊதா, ஏறத்தாழ 300 டிகிரியில் இந்த நீலம். பொன்னைப் பாதரசத்தில் கரைத்துத் தடவி, சூட்டில் பாதரசத்தை ஆவியாக்குவார்கள். அந்தப் புகை பல தொழிலாளிகளின் உடம்பைக் கெடுத்தது.

“1797-ல் ஓர் அதிகாரி செய்யச் சொன்னது. பூச்சு அன்றைக்கு இட்டது அப்படியே இருக்கிறது” என்றார் கடைக்காரர். விளக்கடியில் சாய்த்துப் பிடித்தார். அசல் மயில்கழுத்து நிறம். இங்கே 50 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வளைந்த வாள்களின் விற்பனைக்கு 2008 முதல் தடை இருக்கிறது. நூறு வருடம் தாண்டிய பழம்பொருளுக்கு விலக்கு. அதனால் வாள் பழையதா என்று மட்டும் குடைந்து குடைந்து கேட்டேன். அலங்காரம் பழையதா என்று யோசிக்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்துப் படம் எடுக்க உட்கார்ந்தேன். ஒரு கையில் டார்ச், மறு கையில் லென்ஸ். துரு தின்ற சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தன. குழிக்குள்ளேயும் நீலம்! துரு பிடித்தால் அந்த இடத்துப் பூச்சுதானே முதலில் போகும்? குழி விழுந்த பிறகுதான் யாரோ நீலம் ஏற்றியிருக்கிறார்கள்.

அப்புறம் அரசச் சின்னத்தைப் பார்த்தேன். இங்கிலாந்து மன்னர்கள் பிரான்சுக்கும் தாங்களே அரசர் என்று சொல்லிக்கொண்டு, கேடயத்தில் பிரெஞ்சு லில்லிப் பூவை வைத்திருந்தார்கள். 1801-ல்தான் அதை எடுத்தார்கள். என் ‘1797’ வாளில் லில்லி இல்லை. பின்னால் வந்த ஏதோ ஒரு வாளைப் பார்த்து வரைந்திருக்க வேண்டும்.

கைப்பிடியை ஒட்டி, நீலத்துக்கு அடியில் மங்கலாக ஒரு முத்திரை: கிரீடம், கீழே ஓர் எண். அது அரசாங்கப் பரிசோதகர் சிப்பாய் வாளுக்குக் குத்துவது. ஆக, வாள் அசல்தான். ஒரு சிப்பாயின் வாளைத் தேய்த்து, அதிகாரி வேஷம் போட்டு என் தலையில் கட்டிவிட்டார்கள். தேய்த்ததில் இருநூறு வருடப் பழமை நிறமும் போய்விட்டது. அதுதான் எனக்குப் பணத்தை விடப் பெரிய வயிற்றெரிச்சல்.

திரும்பப் போய்க் கேட்டேன். “ரசீதைப் பாருங்கள்” என்றார். ‘பழைய குதிரைப்படை வாள், அலங்காரம் செய்தது’ என்று மட்டும் இருந்தது. எப்போது செய்தது? அதை வாயால்தான் சொன்னார், எழுதித் தரவில்லை. நீங்கள் வாங்கினால் “பூச்சு வாளின் காலத்தது” என்று ரசீதில் எழுத வையுங்கள். தயங்கினால் வாளை வைத்துவிட்டு நகருங்கள். வெறும் சிப்பாய் வாளாகவே விற்றிருந்தால் பாதி விலைக்கும் குறைவாக, சந்தோஷமாக வாங்கியிருப்பேன்.

போன ஞாயிறு அந்தக் கடைப் பக்கம் போனேன். மேஜையில் இன்னொரு வாள். அதே நீலம், அதே இலைக்கொடி, கேடயத்தில் லில்லி இல்லை. விலைச்சீட்டில் 2,200.