பேர்ன் பவுல் கிளே மையம்: பொம்மைகளுக்காகவே போகலாம்

சுவிட்சர்லாந்தின் பேர்ன் ரயில் நிலையத்தில் 12ஆம் நம்பர் பஸ் பிடித்தால், ஓவியர் பவுல் கிளேயின் படைப்புகள் இருக்கும் இந்த மையத்தின் வாசலிலேயே இறக்கிவிடும். மூன்று அலை மாதிரி கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்த கட்டடம், 2005இல் திறந்தது, அழகுதான். ஆனால் நான் போகச் சொல்வது பொம்மைகளுக்காக.

கிளே என்றதும் பலருக்கு வண்ணக் கட்டங்கள்தான் ஞாபகம் வரும். அவர் 1916 முதல் 1925 வரை மகன் பீலிக்ஸுக்காகக் கையில் மாட்டி ஆட்டும் பொம்மைகள் ஐம்பது வரை செய்தார், மிஞ்சியவை 30. முதல் சில பொம்மைகள் பையனின் 9ஆவது பிறந்தநாள் பரிசு, அதில் ஒன்று சாவு! வெள்ளை மண்டையோட்டு முகம், குழிந்த கண். அந்த 1916 மார்ச்சில்தான் கிளேயின் நண்பரான ஓவியர் பிரான்ஸ் மார்க் முதல் உலகப் போரில், வெர்டன் போர்க்களத்தில் இறந்தார், சில நாளிலேயே கிளேயையும் ராணுவத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஊரே நடுங்கிக்கொண்டிருந்த ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்து, நீ இதை ஆட்டு என்று சொன்ன அப்பா எனக்கு ரொம்பப் பெரிய கலைஞராகத் தெரிகிறார். அப்புறம் தீப்பெட்டியைத் தலையாக வைத்த பேய் ஒன்று, மின்சாரச் சாமான்களால் ஆன பூதம் ஒன்று. வீட்டில் தூக்கிப்போடும் பொருள்தான் எல்லாம்.

பொம்மைகளைப் பார்த்தபின் கடைசிக் கால ஓவியங்களுக்கு வாருங்கள். 1933இல் நாஜிகள் அவரை ஜெர்மனியில் பார்த்த ஓவிய ஆசிரியர் வேலையிலிருந்து துரத்தினார்கள், பேர்னுக்குத் திரும்பினார், தோலை இறுக்கும் நோய் வேறு. 1939இல் வரைந்த 'அச்ச வெடிப்பு' வரிசையில் உடம்பு கை வேறு கால் வேறாகச் சிதறிக் கிடக்கிறது. பொம்மையில் விளையாட்டாக இருந்த பயம் இங்கே பிடிக்க ஆளில்லாமல் அலைகிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் இது உறைக்கும்.

ஆட்டவேண்டிய பொம்மைகள் கண்ணாடிக்குள் அசையாமல் நிற்பது மனசுக்குக் கஷ்டம், நூறு வருஷப் பொருள், வேறு வழியில்லை. சுமார் 4,000 படைப்புகள் இருந்தும் வெளிச்சம் பட்டால் கெடும் என்பதால் மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள், வெளிச்சமும் மங்கலாகவே இருக்கும். அதனால் பொம்மைகள் இப்போது வெளியே இருக்கின்றனவா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதே கட்டடத்தில் கிரியாவிவா என்ற சிறுவர் அருங்காட்சியகம் உண்டு, பொம்மைகளைப் பார்த்த கையோடு அங்கே கூட்டிப் போங்கள்.