பச்சை டிக்கை நம்பி நாலரை மாதக் கணக்கைத் தொலைத்தோம்: கிளவுட் பேக்கப் வைத்திருக்கும் வியாபாரிகள் கவனத்துக்கு

ஈரோட்டில் அண்ணனும் நானும் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறோம். கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலி ஓடும் சர்வருக்கு மூன்று வருடமாக கிளவுட் பேக்கப் (இன்டர்நெட் வழியாக வேறிடத்தில் நகல் வைப்பது) போட்டிருந்தோம். கடந்த ஜூனில் அதை விற்றவரே கடைக்கு வந்தார். "புது வெர்ஷன் வந்திருக்குதுங்க. வேகமும் ஜாஸ்தி, பாதுகாப்பும் ஜாஸ்தி" என்று சொல்லி, வருடச் சந்தாவில் 4,000 ரூபாய் கூட்டி மாற்றிக் கொடுத்தார். அதிலிருந்து தினமும் காலையில் பச்சை டிக்கோடு மெயில் வந்துவிடும்: பேக்கப் வெற்றி.

ஆகஸ்ட் 13 சாயங்காலம் சர்வரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. கணக்கு எழுதும் அக்கா பதறவே இல்லை. "டிக் விழுந்திருக்குதுங்களே தம்பி, எறக்கிக்கலாம்" என்றார். புது டிஸ்க் மாட்டி இறக்க ஆரம்பித்தோம். விநாடிக்கு 300 கேபி வேகத்தில் 40 ஜிபி இறங்க ஒன்றரை நாள் ஆனது. டிசைன் படங்கள், கொட்டேஷன்கள், ஸ்கேன் செய்த பில்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. டேலி டேட்டாவுக்குள் 10003 என்ற எங்கள் கம்பெனி ஃபோல்டரும் இருந்தது. திறந்தால் உள்ளே இரண்டே இரண்டு சின்ன ஃபைல். அக்கா வேறு ஃபோல்டரில் இருக்கும் என்று ராத்திரி பத்து மணி வரை தேடிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். காலையில் வந்ததும் பில் போட வசதியாக டேலியை ராத்திரியும் மூடாமல் விடுவோம். திறந்திருக்கும் ஃபைல் பூட்டிக்கொள்ளும். அதை நகலெடுக்க விண்டோஸில் வால்யூம் ஷேடோ காப்பி என்ற வசதி உண்டு; அந்த நொடியில் டிஸ்க் இருந்த நிலையைப் பிடித்து வைத்து, அதிலிருந்து நகல் எடுக்கலாம். பழைய பிளானில் இது இருந்தது. புது வெர்ஷனில் இதை விலை கூடிய பிளானுக்கு நகர்த்திவிட்டார்கள். எங்கள் பிளானில் திறந்திருக்கும் ஃபைலைத் தாண்டிப் போய்விட்டு, வேலை முடிந்ததாக டிக் போடும். என்னென்ன நகலானது என்று பதிவாகும் விவரமான லாக்கின் கடைசி வரியில் மட்டும் 'விடுபட்டவை' என்று தினமும் இருந்திருக்கிறது. மெயிலில் அது வராது. ஜூனுக்கு முந்தைய நல்ல நகல்களும் இல்லை, ஏனென்றால் புது பிளானில் 30 நாளைக்கு மேல் பழசை வைக்க மாட்டார்களாம். சந்தாவை ஏற்றிக் கையெழுத்து வாங்கிய அன்றைக்கு இதில் ஒன்றைக்கூட அவர் வாய் திறந்து சொல்லவில்லை.

இரண்டு நாள் போனை எடுத்தார். மூன்றாம் நாள், "அக்ரிமென்ட்ட பாருங்க சார், பேக்கப்ப எறக்கி ரீஸ்டோர் செஞ்சு பாக்கற பொறுப்பு கஸ்டமரோடது" என்றார். அடுத்த பேச்சே பெரிய பிளானுக்கு மாறச் சொல்லித்தான். அதற்கப்புறம் அண்ணன் அவரோடு பேசுவதில்லை.

ஆடிட்டரிடம் மார்ச் 31 வரைக்குமான நகல் இருந்ததால் தப்பித்தோம். ஏப்ரலிலிருந்து எல்லாம் கையால்தான். ஜிஎஸ்டி போர்ட்டலில் நாங்கள் ஏற்கெனவே தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்ன் இருந்தது. அதிலிருந்து ஜூலை வரையிலான விற்பனை பில்களையும், நமக்கு விற்றவர்கள் தாக்கல் செய்ததைக் காட்டும் 2பி பட்டியலிலிருந்து கொள்முதலையும் எடுத்தோம். ஆகஸ்ட் பில்களைக் கார்பன் நகலைப் பார்த்து அடித்தோம். வரி கட்டும் ரிட்டர்னான 3பி-க்குக் கடைசித் தேதி 20. அதற்குள் வரியைக் கட்டிவிட்டோம். ஆனால் வசூல், ரொக்க ரசீது, இருப்பு இதெல்லாம் எந்தப் போர்ட்டலிலும் இருக்காது. பார்ட்டிகளுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு, அவர்கள் பக்க லெட்ஜரைக் கேட்டு வாங்கினோம். நமக்கு எவ்வளவு தர வேண்டும் என்று அவர்களிடமே கேட்கிற நிலை எந்த வியாபாரிக்கும் வரக்கூடாது.

பெரிய கம்பெனிக்கும் இது நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று சாஃப்ட்வேர் எழுதுபவர்களின் கோடைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் டேட்டாபேஸ் தவறுதலாக அழிந்தபோது, பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. டேட்டாபேஸ் வெர்ஷனும் நகலெடுக்கும் கருவியின் வெர்ஷனும் பொருந்தாததால் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது; அதைச் சொல்ல வேண்டிய மெயில்களும் போய்ச் சேரவில்லை. அவர்களே வெளியிட்ட அறிக்கை அது.

உங்களிடமும் 'புது வெர்ஷன்' என்று வந்தால், திறந்திருக்கும் ஃபைல் நகலாகுமா, பழைய நகல்கள் எத்தனை நாள் நிற்கும், மாற்றும்போது ஏற்கெனவே இருப்பது அழியுமா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். விடுபட்ட ஃபைல் ஒன்று இருந்தாலும் மெயில் சிவப்பாக வர வேண்டும் என்று கேளுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 30 நாள் பிளான் அதற்கு எந்த மூலைக்கும் போதாது. இப்போது நாங்கள் ராத்திரி டேலியை மூடிவிட்டு, அதன் சொந்த பேக்கப்பை இரண்டு டிஸ்க்கில் மாற்றி மாற்றி எடுக்கிறோம். ஒன்று அண்ணன் வீட்டுக்குப் போய்விடும். சனிக்கிழமை அக்கா பழைய லேப்டாப்பில் அதை ரீஸ்டோர் செய்து, தினசரிப் பதிவுகளைக் காட்டும் டே புக்கில் அந்த வாரத்துக் கடைசி பில் நம்பரைப் பார்த்து நோட்டில் எழுதி வைக்கிறார்.

கரூர் பார்ட்டி ஒருவருடைய கணக்கு மட்டும் இன்னும் 1,18,000 ரூபாய் உதைக்கிறது. ரசீதுப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.