தமிழ்மொழிமூல வகுப்பறைக்கு இலவச இணைய வளங்கள்: எதை நம்பி எடுத்துப் போகலாம்?

கொழும்பில் கொட்டாஞ்சேனையானாலும் வெள்ளவத்தையானாலும் பாடவேளை குறுகியதுதான். அதற்குள் மல்டிமீடியா புரொஜெக்டரைப் பொருத்தி, போன் ஹொட்ஸ்பொட்டில் லப்டொப்பை இணைத்து, பக்கம் திறக்கும்வரை காத்திருந்தால் பாதிப் பாடம் போய்விடும். ஆகவே ஓர் இலவச வளத்தைக் கண்டதும் முதலில் பார்க்க வேண்டியது, அதை வீட்டிலேயே இறக்கிப் பென் ட்ரைவில் கொண்டுபோய் இணையமில்லாமல் ஓட்டலாமா என்பது. அதன் தமிழ் நம் பாடநூலின் தமிழோடு ஒத்துப்போகிறதா என்பது அடுத்தது.

முதலாவதில் ஃபெட்டை (PhET) மிஞ்ச ஒன்றுமில்லை. நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வைமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய செயற்றிட்டம் இது; பரிசோதனைகளைத் திரையில் செய்துபார்க்கும் உருவகப்படுத்தல்களைத் தருகிறது. ஒவ்வொரு உருவகப்படுத்தலும் ஒரே ஒரு கோப்பு, சில எம்.பி.தான். மொழிபெயர்ப்புப் பகுதியில் தமிழைத் தேடி, அதன் பக்கத்திலுள்ள டவுன்லோட் குறியை அழுத்தினால் கோப்பு வந்துவிடும். அதைக் குரோமில் திறந்தால் போதும். போனில் திறக்கும்போதுதான் ஒரு சிக்கல் வரும். சில அண்ட்ரொய்ட் போன்கள் இந்தக் கோப்பைத் தம்முடைய சாதாரணப் பார்வைச் செயலியில் திறந்து வெற்றுத் திரையைக் காட்டும். ‘இதனால் திற’ என்பதில் குரோமைத் தெரிவுசெய்ய வேண்டும். பழைய ஜாவா உருவகப்படுத்தல்களை விட்டுவிடுங்கள். எச்.டி.எம்.எல். 5 என்று குறித்தவைதான் வகுப்புக்கு ஆகும்.

ஃபெட்டின் நேரோட்ட மின்சுற்றுப் பெட்டி என்ற உருவகப்படுத்தலை எடுத்துக்கொள்வோம். அதில் மின்கலம் 9 வோல்ற்று, மின்குமிழ் 10 ஓம் என்று வைத்தே தருகிறார்கள். ஒரு குமிழை இணைத்தால் அம்பியர்மானி 0.90 காட்டும். இன்னொன்றைத் தொடராக இணைத்தால் 0.45. இரண்டையும் சமாந்தரமாக இணைத்தால் மொத்த ஓட்டம் 1.80. பிள்ளைகள் முதலில் கணித்துச் சொல்லட்டும், பிறகு மானியை வையுங்கள். குறுஞ்சுற்று ஆக்கினால் மின்கலம் தீப்பற்றி எரியும். ஆய்வுகூடத்தில் செய்துகாட்ட முடியாததை இங்கே அச்சமில்லாமல் காட்டலாம்.

வகுப்புக்குப் போகுமுன் கட்டாயம் மாற்ற வேண்டியது ஒன்று உண்டு. திறந்தவுடன் அது இலத்திரன்கள் ஓடும் திசையையே காட்டும். பாடநூலின் அம்புக்குறியோ நேர் முடிவிடத்திலிருந்து மறை முடிவிடத்துக்குப் போகும். வலப்பக்கப் பெட்டியில் இதை மாற்றாமல் தொடங்கினால், பாடம் முடியும்வரை திசைக் கேள்விக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்க நேரும். இதை வைத்துக்கொண்டு உண்மையான பரிசோதனையைக் கைவிடவும் கூடாது. ஃபெட்டின் சாதாரணக் குமிழில் தடை மாறுவதில்லை. டோர்ச் குமிழின் இழையோ சூடேறும்போது தடை கூடும், குளிரும்போது குறையும். அதனால் கையால் இணைத்த தொடர்ச்சுற்றில் ஓட்டம் சரிபாதியாகாது, பாதிக்கு மேலே நிற்கும். அந்த வித்தியாசம் ஏன் வந்தது என்று கேட்பதே நல்ல பாடம்.

கலைச்சொல்தான் பெரிய தொல்லை. தமிழில் தேடினால் வரும் காணொளிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுப் பாடநூலைத் தழுவியவை. நம் 10ஆம் தரத்தில் கதி என்பது அங்கே வேகம்; நம்முடைய வேகம் அங்கே திசைவேகம்; ஆர்முடுகல் முடுக்கம் ஆகிவிடும். விளக்கம் அருமையாக இருந்தாலும், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, வினாவில் ‘வேகம்’ என்று கேட்டால் தவறான கணியத்தையே எழுதும். இயக்கம் பற்றிய காணொளிகளை ஒலியை நிறுத்திவிட்டு ஓட்டி, ஆசிரியரே பேசுவதுதான் பாதுகாப்பு.

சொல் பிசகாமல் கிடைப்பது நம் அரச தளங்களில்தான். கல்வி வெளியீட்டுத் திணைக்களத் தளத்தில் பாடநூல் அத்தியாயம் அத்தியாயமாகவும் இருக்கிறது. முழு நூலை இறக்கி டேட்டாவைத் தீர்க்க வேண்டியதில்லை. மகரகமை தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியைத் திறந்தால், ஒவ்வொரு தேர்ச்சிக்கும் எத்தனை பாடவேளை என்பது வரை இருக்கும். கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான ஈ-தக்சலாவ மும்மொழியிலும் உண்டு. ஆனால் அதிலுள்ள உள்ளடக்கத்தின் அளவு பாடத்துக்குப் பாடம் மாறும். உங்கள் அலகு இருக்கிறதா என்று முதல்நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சித்தாள் தயாரிக்கும்போது இன்னொரு இடைஞ்சல் வரும். பழைய தமிழ்ப் பீ.டி.எஃப். பலவும் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அமைந்தவை. பிரதியெடுத்து வேர்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டும். கோப்பு பழுதில்லை. ஒட்டியதைத் தெரிவுசெய்து எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றினால் தமிழ் தெரியும். போனில் அனுப்புவதானால் யூனிகோடாக்கும் இலவச மாற்றியில் இட்டு எடுக்க வேண்டும். மாற்றிய பிறகு கொம்பும் காலும் சேர்ந்த எழுத்துகளையும் கிரந்த எழுத்துகளையும் கண்ணால் சரிபார்த்த பின்பே போட்டோகொப்பிக் கடைக்குக் கொடுங்கள். படமாக ஸ்கேன் செய்த பக்கங்களுக்கு இந்த வழி சரிவராது.

கணிதத்துக்கு, உருவங்களை வரைந்து அளந்து பார்க்கும் ஜியோஜிப்ரா மென்பொருள். கணினியில் நிறுவிவிட்டால் இணையம் வேண்டாம். 11ஆம் தர வட்டத் தேற்றங்களுக்கு மிகவும் நல்லது, ஆனால் மட்டந்தட்டலில் கவனம் தேவை. ஒரு தசமதானத்தில் வைத்தால் மையக்கோணம் 75.3, பரிதிக்கோணம் 37.7 என்று தெரியும். இரட்டித்துப் பார்க்கும் பிள்ளைக்கு 75.4 வரும், தேற்றமே பிழை என்று நினைக்கும். மையக்கோணத்தை ஸ்லைடரில் 2 பாகைப் படியில் நகர வையுங்கள். இரண்டு கோணமும் முழு எண்ணாகவே நிற்கும்.

தமிழும் வரலாறும் கற்பிப்போருக்கு, 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய இதழ்களும் நூல்களும் இலவசமாக உள்ளன. கடந்தகால வினாத்தாள் எடுப்பவர்கள் ஆண்டைப் பாருங்கள். 11ஆம் தரத்துக்குப் புதிய பாடத்திட்டம் வந்தது 2016இல். அதற்கு முந்திய தாளை அப்படியே கொடுக்காமல், இப்போதைய தேர்ச்சிகளோடு ஒப்பிட்டு வேண்டாத வினாக்களை வெட்டிவிட்டுக் கொடுங்கள்.